சக்கரத்தின் தொப்புள்

எங்கள் சித்தப்பாவுக்குத் தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம். ஒருநாள் அதைத் தலைமுழுகிவிட்டு வந்து, எங்கள் ஊரான சேரன்மகாதேவியில் நெல் அரைக்க எஞ்சின் வைக்கப்போவதாகச் சொன்னார். ரயில் எஞ்சினைத் தவிர வேறு எஞ்சினை எங்கள் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. தாத்தா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம் என்றாள் அம்மா.

ஆனாலும் எஞ்சின் வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார்கள். அது மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு டுப் டுப் என்று ஓடும். அதிலிருந்து அகலமான ஒரு தோல் வார் அரைவை இயந்திரத்தின் சக்கரத்துக்குப் போய் அதைச் சுற்றும். வார் ஓடும்போது பக்கத்தில் நின்றால் பாவாடை காற்றில் உப்பிக்கொள்ளும். எனக்கு அப்போது ஏழு வயது. வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்திருந்தாள். அந்தப் பதவியில் எனக்கிருந்த கர்வம் கலெக்டருக்கும் இருந்திருக்காது.

சக்கரம் அச்சில் உட்காரும் இடத்தில், அதன் கழுத்தில், விரல்நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி இருந்தது. என் கண்ணுக்கு அது தொப்புள். முதல் வெள்ளியன்றே அதற்குள் ஒரு உருண்டைச் சந்தனத்தை அமுக்கி மேலே பொட்டு வைத்தேன். வாராவாரம் அதன்மேலேயே பூசினேன். எண்ணெயும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து இறுகி, இரண்டு வருஷத்தில் குழி இருந்த சுவடே இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் வார் அறுந்தது. தூத்துக்குடிக்கு எழுதிப்போட்டதும் புது வார் வந்தது. அது பழையதைவிட அகலம் என்பதால் அதற்கேற்ற புதுச் சக்கரம் ஒன்றும் கூடவே வந்தது. பழைய சக்கரத்தைக் கழற்றிப் புதியதை மாட்டவேண்டும், அவ்வளவுதான். முன்பு சக்கரத்தை மாட்டிய மிஸ்திரி கொழும்புக்குப் போய்விட்டார். "ஒரு சக்கரத்தக் கழத்துததுக்கு மிஸ்திரி எதுக்குவே?" என்று சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் எஞ்சின் ஓடாவிட்டால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுக் கச்சேரிக்கே திரும்பிப் போய்விடவேண்டும் என்று தாத்தா தீர்ப்புச் சொன்னார். சித்தப்பாவும் ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு வாரத்தைப் போல ஒரு திருவிழாவை நான் பிறகு கண்டதில்லை. தெருவிலுள்ள ஒவ்வொரு அண்ணாச்சியும் ஒரு யோசனையோடு வந்தார். ஒருவர் சொல்லி ஆமணக்கெண்ணெய் விட்டார்கள். இன்னொருவர் சொல்லி மரச்சுத்தியலால் தட்டினார்கள். சந்தனப் பொட்டில் அடி படாமல் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினார்கள். சக்கரம் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் சக்கரத்தில் வடக்கயிற்றைக் கட்டி, எட்டுப் பேர் சேர்ந்து தேர் இழுப்பதுபோல இழுத்தார்கள். கயிறு அறுந்து எட்டுப் பேரும் உமிக் குவியலில் போய் விழுந்தார்கள். சித்தப்பா ஒன்பதாவது ஆளாக அவர்கள்மேல் விழுந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

எஞ்சின் படுத்துவிட்டதால் பின்கட்டில் உலக்கைச் சத்தம் திரும்பி வந்திருந்தது. எஞ்சின் வருவதற்குமுன் எங்கள் வீட்டு நெல்லையெல்லாம் குத்தியவள் பேச்சி. அது வந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் கொட்டகையைக் கூட்டிப் பெருக்குவதோடு சரி. இப்போது அம்மா ஆள் அனுப்பியதும் உலக்கையைத் தோளில் சாத்திக்கொண்டு, இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பாட்டும் சிரிப்புமாக நெல் குத்தினாள். சாயங்காலம் மடி நிறைய அரிசியும் தவிடும் வாங்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை சித்தப்பா கொல்லாசாரியைக் கூட்டிவந்தார். அவர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்கனயோ ஒரு திருகாணி முடுக்கியிருக்கணும் ஐயா. கண்ணுக்குத் தட்டல" என்றார். சாமிக்கு வைத்த சந்தனத்தைச் சுரண்டிப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை.

திருகாணி என்றதும் எனக்குத் தொப்புள் ஞாபகம் வந்துவிட்டது. நேரே பேச்சியிடம் ஓடி, அவள் காதில் சமாசாரத்தைச் சொன்னேன். ஓங்கிய உலக்கை அப்படியே நின்றது. அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் தாயி. நீ அடைக்கையில நானும் பாத்தேன்லா. வாயத் தொறந்துராத. ஐயா அடி பின்னிருவாவ."

பிறகு புது அரிசியில் ஒரு கை அள்ளி, தன் மடியிலிருந்த கருப்பட்டித் துண்டையும் சேர்த்துத் தந்தாள். இந்த வீட்டில் என்மேல் இவளுக்குத்தான் எத்தனை பிரியம் என்று நினைத்து உருகிப்போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகையில் நிற்க இடமில்லை. தாத்தாகூட வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு முன்வரிசையில் நின்றேன். ஆசாரி பெரிய சம்மட்டியை எடுத்தார்.

"அடிக்கேன் ஐயா. சக்கரம் வந்தாலும் வரும், அச்சு முறிஞ்சாலும் முறியும். பொறவு என்னயக் குத்தஞ் சொல்லப்படாது."

அச்சு முறிந்தால் எல்லாம் முடிந்தது. சித்தப்பாவின் உதடு வெளுத்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அடியும்வே" என்றார்.

சம்மட்டி மேலே போனது. எனக்கு அடி விழும் என்பதும் மறந்தது, பேச்சி சொன்னதும் மறந்தது. கிண்ணத்தைப் போட்டுவிட்டு வீல் என்று கத்தினேன். "தொப்புள்! தொப்புள்ள சந்தனத்த அடச்சிட்டேன்!"

கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் ஓடிப்போய்ப் பொட்டின்மேல் விரலை வைத்தேன். முதலில் புரிந்தது ஆசாரிக்குத்தான். சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சின்ன உளியால் சுரண்டினார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே, பளபளவென்று, திருகாணி!

அதை நாலு சுற்றுச் சுற்றினார். எட்டுப் பேருக்கு அசையாத சக்கரம், சித்தப்பா ஒரு கையால் தள்ளியதும் நழுவி வந்துவிட்டது. அவர் அதைப் பிள்ளையைப் போலக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் புதுச் சக்கரம் மாட்டியாயிற்று, வாரும் ஏறியது. டுப் என்றது எஞ்சின். இன்னொரு டுப். பிறகு நிற்கவேயில்லை. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கொட்டகையை மூன்று முறை சுற்றினார். தாத்தா, "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அவரிடமிருந்து அவ்வளவு பெரிய பாராட்டை அதற்குமுன் யாரும் வாங்கியதில்லை.

தோளிலிருந்து இறங்கியதும் நான் பின்கட்டுக்குப் பறந்தேன். பேச்சியின் மகள்கள் முறங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உரலில் பாதி குத்திய நெல்லை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பேச்சி, எஞ்சின் ஓடுது!"

"கேக்குது தாயி."

"நாந்தான் சொன்னேன்! ஒருத்தரும் அடிக்கல, பாரு. நீதான் சும்மா பயந்துட்ட" என்று இரண்டு உள்ளங்கைகளையும் அவளுக்கு முன்னால் விரித்துக் காட்டினேன்.

பேச்சி என் கைகளைப் பிடித்தாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு உலக்கையைத் தோளில் சாத்திக்கொண்டு, மகள்களோடு பின்வாசல் வழியாகப் போனாள். எனக்கு அடி விழாத நிம்மதியில் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.