ருத்ரவீரின் இடது ஷூ

உலகம் அழிந்த பிறகு ஆம்பூரில் என்ன மிஞ்சும் என்று ஜெனிஃபாவைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்: தோல் பதனிடுகிற டிரம்கள் மிஞ்சும். அறை மாதிரிப் பெரிய அந்த மர டிரம் ஒன்றுக்குள் ஒரு குடும்பம் தாராளமாகக் குடியிருக்கலாம். அவள் எழுதிய நாவலில் அப்படித்தான் குடியிருந்தார்கள். வேலூர்க் கோட்டையில் தோலில்லாதவர்களின் அரசன் இருந்தான். உயிரோடிருப்பவர்களின் தோலை உரித்துப் போர்த்திக்கொள்வது அவன் கூட்டத்தின் வழக்கம். காட்பாடி ஜங்ஷனில் ரயில் போன தண்டவாளத்தில் ஆவிகள் நடந்தன. பாலாற்றில் தண்ணீர் இல்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் அவள் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஜெனிஃபாவுக்கு இருபத்தாறு வயது. ஆம்பூரில் பெத்லகேம் என்கிற பகுதியில் அம்மா ஜெபகனியோடு இருக்கிறாள். பிளஸ் டூ முடித்த கையோடு ஷூ கம்பெனியில் சேர்ந்தவள், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற இரண்டாவது லைனில் உட்கார்ந்திருப்பாள். லைனில் போன் கூடாது. அதனால் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கட்டைவிரலால் எழுதி, கதை படிக்கிற ஒரு ஆப்பில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுவாள். புனைபெயரில் எழுதுவதால் தான் யாரென்று ஒருவருக்கும் தெரியாது என்பது அவள் நம்பிக்கை. கம்பெனியில் கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் தெரியும்.

நாவலின் நாயகன் ருத்ரவீர். பத்தொன்பது வயது, ஆறடி உயரம், பச்சைக் கண். ஊரே சோறில்லாமல் கிடந்தும் அவன் தோள் மட்டும் இளைக்கவில்லை. நாயகி யாழிசை, பதினெட்டு வயது, கிழிந்த தோலை ஊசியால் தைத்து உயிர் கொடுக்கிற வரம் பெற்றவள். ஆம்பூரில் இந்தப் பெயர்கள் யாருக்கும் கிடையாது. அதனாலேயே எல்லாருக்கும் பிடித்திருந்தது.

பச்சைக் கண் தூபாவின் யோசனை. ஜெனிஃபாவின் மெஷினுக்குப் பக்கத்தில் செக்கிங் டேபிள். அங்கே தூபா இருந்தாள். தைத்து வருகிற மேல்பாகங்களில் இடதையும் வலதையும் ஜோடி சேர்த்துப் பார்ப்பது அவள் வேலை. நிறம் ஒத்துப்போகிறதா, தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஒன்று சரியில்லாவிட்டால் ஜோடியையே தள்ளி வைத்துவிடுவாள். அதே கண்ணால்தான் ஜெனிஃபாவின் அத்தியாயங்களையும் படித்தாள். எழுதியவள் இவள், போடலாமா வேண்டாமா என்று சொன்னவள் அவள். சண்டையும் சாவும் ஜெனிஃபாவுக்கு நன்றாக வரும். காதல் வராது. காதல் வசனம் எழுதினால் வாடகை ஒப்பந்தம் மாதிரி இருக்கும். அந்த இடங்களையெல்லாம் டீ டைமில் தூபா சொல்லச் சொல்ல இவள் தட்டிக்கொள்வாள்.

முதல் பாகம் முடிகிற சமயத்தில், வாணியம்பாடியில் தூபாவுக்கு நிச்சயித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. தூபா லீவு போடவில்லை, அழவில்லை, ஒன்று மட்டும் கேட்டாள்.

“அவன மட்டும் சாவடிச்சிடாத ஜெனி. கதையிலயாச்சும் ரெண்டு பேரும் சேரட்டும்.”

ஜெனிஃபா சரி என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே சாகடித்தாள். சோக முடிவுக்குத்தான் மவுசு என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பாலாற்றுப் பாலத்திலிருந்து ருத்ரவீர் விழுந்தான். பிடிக்கப் போன யாழிசையின் கையில் அவனுடைய இடது ஷூ மட்டும் மிஞ்சியது. தூபாவிடம் காட்டாமல் போட்ட முதல் அத்தியாயம் அது. வாசகர்கள் விழுந்து விழுந்து அழுதார்கள். ஊசி மாற்ற வந்த மெக்கானிக் ஜோசுவா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாற்றினான். தூபா சூப்பர்வைசர் ஹலீமா பீயிடம் போய் நான்காவது லைனுக்கு மாற்றிக் கேட்டு, தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஜெனிஃபா பேசப் போனபோதெல்லாம் தூபாவுக்கு வேலை இருந்தது. தோஸ்த் என்று சொல்லிக்கொள்ள ஜெனிஃபாவுக்கு வேறு ஆள் கிடையாது. மன்னிப்புக் கேட்கவும் அவளுக்கு வராது. ஆகவே இரண்டாம் பாகம் எழுத ஆரம்பித்தாள். வாசகர்கள் கேட்கிறார்கள் என்பது வெளியே சொன்ன காரணம். ருத்ரவீரை எழுப்பிவிட்டால் தூபா ஒரு வார்த்தையாவது பேசுவாள் என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

செத்தவனை எழுப்புவது லேசுப்பட்ட வேலையில்லை. உடம்பைத் தோலில்லாதவர்கள் தூக்கிப் போக, அரசன் அதற்குள் புகுந்துகொள்ளப் பார்க்க, ஒரு சாபம் தடுக்க, இப்படி ஆறு அத்தியாயம் இழுத்து ஏழாவதில் அவனைக் கொண்டுவந்து யாழிசையின் டிரம் வாசலில் நிறுத்தினாள். வெளியே கருப்பு மழை. உள்ளே பச்சைக் கண்ணின் வெளிச்சம். இடது காலில் ஒரு ஷூ, வலது காலில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி அதைப் போட்டாள்.

சனிக்கிழமை விடிந்தபோது ரகளை ஆரம்பித்திருந்தது. செத்தவன் எப்படி எழுந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை உயரத்திலிருந்து விழுந்த உடம்பில் எலும்பு எப்படி மிஞ்சியது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாசகர்களில் பாதிப் பேர் ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்காரர்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இடது ஷூ யாழிசையிடம் இருக்கிறதே, இவன் காலில் எப்படி இடது வந்தது? இவன் ருத்ரவீரே இல்லை, போலி என்று ஒருவர் எழுதினார். ஒரே காலுக்கு இரண்டு ஷூ என்றால் எக்ஸ்போர்ட்டுக்குப் போகாது என்று இன்னொருவர். கட்டிங் செக்‌ஷன் ரஃபி அகமது கேன்டீனில் எல்லார் முன்னாலும் தட்டை வைத்துவிட்டு, “இன்னா ஜெனி, ஜோடி பாக்காமயே அனுப்பிட்டியா?” என்றான்.

தப்பு நடந்த விதம் எளிது. தையல் மெஷினில் ஷூவின் மேல்பாகம் உள்பக்கம் மேலே தெரியக் குப்புறக் கிடக்கும். நாள் முழுக்க அப்படியே பார்க்கிறவளுக்கு இடது வலதாகவும் வலது இடதாகவும் மனதில் பதிந்துவிடும். வேலையில் அதைச் சரிபார்க்க ஓர் ஆள் உண்டு. கதையிலும் இருந்தாள், இப்போது நான்காவது லைனில் இருக்கிறாள்.

வீட்டில் ஜெபகனிக்கும் சேதி போய்விட்டது. மகள் பேய்க்கதை எழுதுவதற்காக வாராவாரம் ஜெபம் செய்கிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, நிதானமாகச் சொன்னார்: “செத்தவங்க எழுந்திருக்கறது வேதத்துலயே இருக்கு, அதுல தப்பில்ல. செருப்பு மாறி எழுந்ததா எங்கயும் இல்ல.”

ஊர் சிரித்ததை ஜெனிஃபா தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. இவ்வளவு பெரிய தப்பைப் படித்திருந்தால் தூபா வந்து திட்டாமல் இருக்க மாட்டாள். வரவில்லை என்றால் படிக்கவே இல்லை. யாருக்காக எழுதினாளோ அவள் முதல் வரியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை என்றால், ருத்ரவீர் செத்தே கிடக்கலாம். திங்கட்கிழமை டீ டைமில், நூல் கண்டு அடுக்கியிருந்த ரேக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டாம் பாகத்தை மொத்தமாக அழிக்கப் போனாள்.

“அழிக்காத,” என்று ஒரு குரல் கேட்டது. டீ கிளாஸோடு தூபா நின்றிருந்தாள்.

படித்தாயா என்று ஜெனிஃபா கேட்டாள். எல்லாவற்றையும் படித்ததாகவும், மூன்றாவது அத்தியாயத்தில் யாழிசை பேசுகிற காதலைக் கேட்டால் எந்த ஆம்பிளையும் மறுபடியும் செத்துப்போவான் என்றும் தூபா சொன்னாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த இடது அவனே தெச்சதுன்னு வெய்யி. விழுந்தப்ப அவன் கால்ல இருந்தது வலது. நடக்கணுமே, அதுக்கு இடது ஒண்ணு தெச்சிக்கினான். வர்ற வழியில பழைய வலது அறுந்து போய்டுச்சி. அவன் தெச்சது நின்னுது.”

“அப்ப வலது கால்?”

“அவ மட்டும் சும்மாவா இருந்தா? கையில இடது இருக்குது. என்னிக்காச்சும் வருவான்னு அதுக்கு ஜோடியா ஒரு வலது தெச்சி வெச்சிருப்பா. எடுத்துக் குடுக்கட்டும்.”

ஜெனிஃபா யோசித்தாள். யோசித்தது எழுத்தாளர் இல்லை, இரண்டாவது லைன் தையல்காரி. “கலர் சேராதே தூபா. வேற வேற தோலு. உன் டேபிளுக்கு வந்தா நீயே ரிஜெக்ட் பண்ணுவ.”

“பண்ணுவேன். அவன் இன்னா எக்ஸ்போர்ட்டா பண்ணப் போறான்? போட்டுக்கினு நடக்கப் போறான்.”

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று ஜெனிஃபாவுக்கே தெரிந்தது. நீ அவ்வளவு கேட்டும் சாகடித்தேன், தப்புதான் என்று கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வாணியம்பாடிக்காரன் போனது கூட எனக்கு அவ்ளோ பேஜாரா இல்ல,” என்றாள் தூபா. “அவன் யாரோ. நீ எங்கிட்ட காட்டாம போட்ட பாரு, அதான்.”

மணி அடித்தது. தூபா நேராக ஹலீமா பீயிடம் போய், மறுபடியும் இரண்டாவது லைன் வேண்டும் என்றாள். நினைத்தபோது மாறுவதற்கு இது என்ன மாமியார் வீடா என்று ஹலீமா பீ கடுகடுத்தார். கதைப்புத்தகமெல்லாம் தனக்குப் பிடிக்காது என்று பல தடவை சொன்னவர் அவர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ருத்ரவீர் இனிமேல் சாக மாட்டானே என்று மட்டும் கேட்டார்.

தூபா ஸ்டூலைக் கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டாள். ஜெனிஃபா குனிந்து தைக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை. அப்படித் தைத்த முதல் ஜோடியில் வலதின் தையல் கோணலாகப் போயிற்று. தூபா அதை எடுத்தாள், பக்கத்தில் இடதை வைத்தாள், இரண்டையும் பார்த்தாள், ஜோடியையே தள்ளி வைத்தாள். ஜெனிஃபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.