முகத்துவாரக் கயிறு

அக்காவின் குசினிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு நைலோன் கயிறு தொங்கும். ஒரு காலத்தில் பச்சையாக இருந்தது. உப்பும் வெயிலும் தின்று இப்போது நிறம் சொல்ல முடியாது. போன வருடம் மாசி மாதம், அது தேவைப்பட்ட அந்த ஒரு நாளில், அந்தக் கயிறு இந்த ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அதுதான்.

இலங்கைத்துறையில் உப்பங்கழியான களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு கிடக்கிறது. கச்சான் காற்றடிக்கும் ஆடி, ஆவணியில் அதன்மேல் மாடுகள் நடந்து போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் களப்பு நிரம்பிக் கரையோர வயல்களுக்குள் ஏறும். அப்போது திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். முகத்துவாரம் வெட்டுவது என்போம். வெட்டினால் நெல் தப்பும். களப்பில் வளர்ந்த இறாலெல்லாம் கடலோடு போய்விடும். வெட்டாவிட்டால் இறால் மிஞ்சும், நெல் அழுகும். அதனால் ஊரில் ஒரு முறை உண்டு. எல்லோருமாகக் கடல் பக்கமிருந்து வாய்க்கால் தோண்டி வந்து, களப்போரம் ஒரு வரம்பை மட்டும் விட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். அந்தக் கடைசி வரம்பை வெட்டுகிறவர் இறால் பிடிக்கிற ஆளாக இருக்க வேண்டும். அவருடைய இடுப்பில் கட்டிய கயிற்றை வயல்காரர்தான் பிடிக்க வேண்டும். பிறகு ஒருவரை ஒருவர் குறை சொல்ல இடமில்லை. வரம்பு உடைந்த கையோடு வாய்க்கால் ஆறாகிவிடும். கயிறு இல்லாதவனால் அதில் நிற்க முடியாது.

அத்தான் களப்பில் இறால் பிடிப்பவர். அக்காவுக்குச் சீதனமாகக் கிடைத்ததோ களப்போரத்து வயல். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. வானம் கறுத்தால் போதும், அடுப்படியில் சண்டை தொடங்கிவிடும். ஆனாலும் ஒவ்வொரு கார்த்திகையும் கயிற்றின் ஒரு முனை அத்தானின் இடுப்பில், மறு முனை ஆம்பிளைகளுக்கெல்லாம் முன்னால் நிற்கும் அக்காவின் கையில். "புருசனைக் கட்டி மேய்க்கிறாய் என்ன," என்று ஊர் பகிடி பண்ணும். அத்தான் கீழே நின்றபடி, "இறுக்கிப் பிடி. விட்டியெண்டால் உனக்கு வயலும் மிச்சம், சோறும் மிச்சம்," என்பார். அக்கா கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவாள்.

இப்போது எந்த மாதத்தையும் நம்ப முடியவில்லை. வாடைக் காற்று பிறந்துவிட்டதென்று வள்ளத்தைக் கரையேற்றினால் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. கச்சான் காற்றில் நிலம் காய வேண்டிய நேரத்தில் மழை கொட்டுகிறது. வானொலியைப் போட்டால் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்கிறார்கள். பெய்யாமலும் விடக்கூடும். இரண்டுக்கும் நடுவில் விதைக்கிறவனும் வலை போடுகிறவனும் எங்கே போவது? எனக்கு மழை என்றாலே இப்போது ஆத்திரம்தான் வருகிறது.

அதற்கு முந்தைய கார்த்திகையில் வெட்டிய வாய், போன வருடம் தை பிறந்ததும் களப்போரம் மட்டும் மணல் மூடி அடைந்துவிட்டது. மாசியில் நெல் முற்றி, வெட்டுகிற மெஷினுக்கும் சொல்லிவைத்த நேரத்தில், ஒருவரும் எதிர்பாராத மழை பிடித்தது. அக்கா கண் கிளினிக்குக்கென்று திருகோணமலையில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். ரோட்டில் வெள்ளம்; திரும்பிப் போக பஸ் இல்லை. என் ஜன்னலால் பார்த்தால் துறைமுகத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அங்கே களப்பு வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா போனில் கத்தினாள்: "உங்களுக்கு இறால்தானே பெரிசு. என்ர நெல்லு அழுகட்டும்." மறுபக்கத்தில் அத்தான், "ஓம், பாப்பம்," என்றார். அவ்வளவுதான்.

அவர் முதலில் கயிறு பிடிக்க வரச் சொல்லித் தன் தம்பியாரிடம் போயிருக்கிறார். "இந்த மழை நாளைக்கு விட்டிடும் அண்ணை. இறால் இப்பதான் பருத்து வருது. என்னால ஏலாது," என்று தம்பியார் சொல்லிவிட்டார். மற்ற வயல்காரர் ஏற்கெனவே அறுத்து முடித்திருந்தார்கள், அவர்களுக்கு அவசரமில்லை. பிடிக்க ஆளில்லாத கயிறு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, மண்வெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். மாடு தேடிப் போன ஒருவர் தூரத்திலிருந்து கண்டார். வரம்பு உடைந்தது. அத்தான் கரைப் பக்கம் திரும்பினார். பிறகு அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. உடல் வெருகல் பக்கம் கரை ஒதுங்கியது.

அடுத்த நாள் வெயில் எறித்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. வயலில் தண்ணீர் வற்றி நெல் தப்பிவிட்டது. அந்த விளைச்சலில் ஒரு மணியைக்கூட அக்கா உலையில் போடவில்லை. எல்லாவற்றையும் மில்லுக்கு அனுப்பிவிட்டாள். "நான்தானே சொன்னனான். நான்தானே அழுகட்டும் எண்டனான்," என்று மாதக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை அவள் விதைக்கவில்லை. ஆனால் பொங்கல் கழிந்த கையோடு மறுபடியும் மழை. ஊரே திரண்டு வாய்க்கால் தோண்டியது. கடைசி வரம்பை வெட்ட இறங்கியவர் அத்தானின் தம்பியார். அவர் இடுப்பில் யாரோ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஆணியில் கிடந்த கயிறு அவள் கையில். "அதைக் கழட்டு. இதைக் கட்டு," என்றாள். தம்பியார் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. வயல் விதைக்காதவளுக்குக் கயிறு பிடிக்கிற உரிமை இல்லை. ஆனாலும் கட்ட வந்தவர் தன் கயிற்றைக் கழற்றி, அவளுடையதைக் கட்டினார். அவள் பிடிப்பாளா, விட்டுவிடுவாளா என்று எனக்கே தெரியவில்லை.

வரம்பு உடைந்து தண்ணீர் பாய்ந்தது. தம்பியார் கால் இடறி இடுப்பளவுக்கு அமிழ்ந்தார். அக்கா மல்லாந்து விழுவது போல் சாய்ந்து இழுத்தாள். பின்னால் நின்றவர்களும் சேர்ந்து இழுக்க அவர் கரையேறினார். எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். அக்கா எடுக்கவில்லை. "மச்சாள், நான் ஏறிட்டன். விடுங்கோ," என்றார் அவர். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள். அவர் மணலில் குந்தியிருந்து, முடிச்சை அவிழ்க்காமலே அழத் தொடங்கினார். கடைசியில் நான்தான் போய் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

கயிறு மறுபடியும் அந்த ஆணியில் தொங்குகிறது. வெளியே வெயில். இந்த முறை கயிறு நனைந்திருக்கிறது. அதிலிருந்து குசினி நிலத்தில் சொட்டுகிற தண்ணீரை நான் துடைக்கப் போனேன். அக்கா விடவில்லை.