பரிமளாவின் பத்து விரல்

சேவூரில் பாவு பிணைக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பரிமளா மாதிரி பிணைக்கிறவள் அவள் ஒருத்திதான். இதை நான் சொல்வதால் நீங்கள் தாராளமாக நம்பலாம், ஏனென்றால் நான் அவளுடைய ஓரகத்தி. ஓரகத்தி வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்குவது அவ்வளவு லேசுப்பட்ட காரியமில்லை. நான் மூத்த மருமகள் கற்பகம். அவள் என் கொழுந்தன் பாலமுருகனைக் கட்டிக்கொண்டு வந்த சின்ன மருமகள். ஒரே வீடு, இரண்டு அடுப்பு, நாள் முழுக்க வாய்ச்சண்டை.

பாவு என்பது பட்டுத் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். ஒரு பாவை நெய்து முடித்ததும் அதன் கடைசி முழத்தை அறுக்காமல் விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய இழையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிட வேண்டும். முடிச்சு கிடையாது, வெறும் முறுக்குதான். ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். ஒன்று நழுவினாலும் புடவையில் கோடு விழுந்துவிடும். பரிமளா பிணைக்கும்போது அவள் கண் டிவி சீரியலில் இருக்கும், வாய் என்னோடு மல்லுக்கட்டும், விரல் மட்டும் தன்பாட்டுக்கு இழையை எடுத்து முறுக்கிக்கொண்டே போகும். அந்த விரலை நம்பித்தான் ஊரே அவளைக் கூப்பிட்டது.

எங்களுக்குள் இன்னொரு போட்டியும் உண்டு. நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் திருவிழாக் கடைகளில் பிரிக் கேம் என்று ஒரு பெட்டி விற்றது. மேலேயிருந்து கட்டை கட்டையாக விழும், திருப்பித் திருப்பி இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். போளூரில் பிறந்த அவளும் சரி, தேசூரில் பிறந்த நானும் சரி, அதற்காக அம்மாவிடம் அடி வாங்கியவர்கள். ஆரணி கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சார்லி, அந்தக் காலத்து வீடியோ கேம் எல்லாம் ஓடுகிற ஒரு ஆப்பை எங்கள் போனில் ஏற்றிக் கொடுத்தான். அதே சதுரக் கட்டைகள், அதே கீச்சுக் குரல் பாட்டு. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடுவோம். என் வீட்டுக்காரர் லோகநாதன் தலையில் அடித்துக்கொள்வார். "நாப்பது வயசு ஆவுது ரெண்டு பேருக்கும். கொயந்த மாதிரி கட்டை அடுக்கிகினு கீறீங்களே!"

ஆட்டத்தில் எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். நான் தலைகீழாக நின்றாலும் அவளைத் தொட முடியாது. அப்படிப்பட்டவளைப் போன ஆடி மாதம் நான் ஜெயித்துவிட்டேன். மறுநாளும் ஜெயித்தேன், அதற்கு மறுநாளும் ஜெயித்தேன். தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீ ஒண்ணும் ஜெயிக்கலக்கா. போனு பேஜார் பண்ணுது. டச்சு வேலை செய்யல" என்றாள்.

என்னையும் இழுத்துக்கொண்டு சார்லி கடைக்குப் போனாள். அவன் போனை வாங்கி ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தான்.

"டச்சு சூப்பரா கீதுக்கா."

"அப்ப நான் லெஃப்ட்ல அமுக்குனா ஏன் ரைட்ல போவுது?"

"கண்ணாடில பட்டன் எங்கக்கா கீது? வெறும் படம் தானே. இத மாட்டிகினு ஆடிப் பாருங்க" என்று போனின் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தான். "இதுல நெஜ பட்டன். மேடு தெரியும். கண்ண மூடிகினு கூட ஆடலாம்."

பரிமளா அதைக் கையில் வாங்கினாள். கட்டை விரலால் தடவினாள். பிறகு குனிந்து, பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினாள். சீரியல் பார்த்துக்கொண்டே தலைமயிரை விட மெல்லிய பட்டு இழையைப் பிடிக்கிறவள், புளியங்கொட்டை அளவு பட்டனைக் குனிந்து தேடினாள்.

"இதுவும் டூப்ளிகேட்டு" என்று சார்லியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அந்த வாரமே ராமதாஸ் முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்களுக்கும் இந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கும் பட்டு கொடுத்து நெய்யச் சொல்கிறவர் அவர்தான். பரிமளா பிணைத்துக் கொடுத்த பாவில் அங்கங்கே இழை நழுவியிருந்தது. அவர் நிதானமாகத்தான் கேட்டார். இவள்தான் நாலு பேர் முன்னால் எகிறிவிட்டாள்.

"உங்க பட்டு வயுக்குதுங்க! நல்ல பட்டா குடுத்தா நான் ஏன் நழுவ விடப்போறேன்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த பாவு பின்தெரு அம்மணிக்குப் போனது, அதற்கடுத்ததும் அம்மணிக்கே போனது. பரிமளா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, தனக்கு எதைப் பற்றியும் கவலையில்லாதது போல ஒரு பாட்டை முணுமுணுப்பாள். அதைப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை.

அடுத்த தெருவில் ஜாய்ஸ் டீச்சர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தன் வீட்டு மொட்டை மாடியில் பெண்களுக்குப் புதிதாக யோகா ஆரம்பித்திருந்தார். எனக்கு இடுப்பு வலி, இவளுக்குப் பொழுது போகவில்லை. துணைக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனேன். புடவை தவிர வேறெதையும் உடுத்தாத பெண்களெல்லாம் மகள்களுடைய சுடிதாரைத் திணித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி நின்றோம். குனிந்து பாதத்தைத் தொடச் சொன்னார். என் கை முட்டி வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகிறேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே! "முடிஞ்ச வரைக்கும் போதும், மூச்சை மட்டும் அடக்கிடாதீங்க" என்றார் டீச்சர். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு தாடாசனம். ஒன்றுமில்லை, காலைச் சேர்த்து நேராக நிற்பதுதான். இதற்கெல்லாம் ஒரு பெயரா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே, "கண்ணை மூடிக்கங்க" என்றார். மூடின மாத்திரத்தில் பரிமளா என் மேல் சாய்ந்து விழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றாள். மறுபடியும் மூடினாள், மறுபடியும் விழுந்தாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போனதும் எங்களை நிறுத்திவைத்தார்.

"பரிமளா, கண்ணைத் திறந்துகினு நில்லுங்க."

அவள் நன்றாகவே நின்றாள்.

"இப்ப மூடுங்க."

உடனே தள்ளாடினாள். டீச்சர் தோளைப் பிடித்துக்கொண்டார். "கால் தரையில இருக்கிறது தெரியுதா?"

"தெரியுது டீச்சர். பஞ்சு மேல நிக்கிற மாதிரி தெரியுது."

"கையில?"

பரிமளா பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். "யாருக்கும் சொல்லாதீங்க டீச்சர். கை மரத்துப் போச்சுன்னு தெரிஞ்சா எவன் பாவு குடுப்பான்? இந்த விரல் போச்சுன்னா நான் யாரு?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, போன் மேல் பழி, பட்டு மேல் பழி, என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி இருந்துச்சு. இது வயசும் இல்ல, பலவீனமும் இல்ல. ஜல்தியா டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார் டீச்சர்.

நான் அவளை ஆரணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டாக்டரம்மா அவளுடைய விரலை ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அது வழவழவென்று சிவந்து கிடந்தது. ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் போனபோது, "வைட்டமின் பி பன்னெண்டு ரொம்பக் குறைச்சலா இருக்கு" என்றார்.

"பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டுகினு தான் இருக்கேங்க, வாய்ப்புண்ணுக்கு. கீரையும் தினம் தின்றேன்" என்றாள் பரிமளா, டாக்டரம்மாவே தப்பு செய்துவிட்ட மாதிரி.

அவர் பொறுமையாகச் சொன்னார். பி என்பது ஒரே சத்து இல்லையாம், எட்டு இருக்கிறதாம்; பன்னிரண்டு என்பது அதில் ஒன்றின் பெயராம். கீரையில் சிலது, பயறில் சிலது, தவிட்டோடு இருக்கிற அரிசியில் சிலது. ஒரு தெருவில் எட்டு வீடு என்று நான் புரிந்துகொண்டேன். ஒரு வீட்டில் சாப்பாடு போட்டால் அடுத்த வீட்டுக்காரனுக்குப் பசி தீராது. இந்தப் பன்னிரண்டு மட்டும் பால், முட்டை, மீன், கறியில்தான் கிடைக்குமாம். நரம்புக்கு அதுதான் வேண்டுமாம். கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையில் இருக்கிற அளவு இவளுக்குக் காணாதாம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்தாறு வருஷத்துக்கு முன் போளூர் ரோட்டில் பாலமுருகன் வண்டியோடு விழுந்து, பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தபோது, இவள் படவேட்டு அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். கவுச்சியை விட்டாள். பால் என்றால் அவளுக்கு உயிர், அதனால் பாலையும் தயிரையும் கூடவே விட்டுவிட்டாள். அன்றைக்கு விட்டவள் விட்டவள்தான். டீயைக்கூடப் பால் இல்லாமல்தான் குடிக்கிறாள்.

வீட்டில் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டோம். என் கொழுந்தன் ஒரு டம்ளர் பாலைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்காக வுட்ட, எனக்காகவே குடிச்சிடு பரிமளா. அம்மன் ஒண்ணும் சொல்லாது" என்று கெஞ்சினான்.

"அம்மன் சொல்லாது. நான் வாக்கு சொன்னேனே" என்றாள்.

அவளுடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு. வேண்டுதலை யாரும் உடைக்க வேணாம். ஆனா ஊசியை விடக்கூடாது, நான் சொல்ற வரைக்கும் போட்டுக்கணும். நரம்பு மெதுவாத்தான் தேறும். எவ்ளோ திரும்ப வரும்னு இப்பவே சொல்ல முடியாது" என்றார்.

முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி. பிறகு வாரத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் கையும் காலும் எரிகிறது என்று படுத்தி எடுத்தாள். காலையில் என்னோடு மொட்டை மாடிக்கு வந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். தை மாதம் சுவரை விட்டாள். அந்த மாதமே ஒரு மத்தியானம் கட்டை ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்தாள். தோற்றுப்போனதற்காக நான் பாயசம் வைத்தேன். தேங்காய்ப் பால் பாயசம்தான். இந்த மாதிரி தோல்வி தினமும் வரட்டும் என்று இருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அவளுக்கு உடம்பு தேறிய கதையை யார் கேட்பார்கள்? நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது.

ராமதாஸ் முதலாளி வீட்டில் பாவு கொடுக்கிற நாள் என்றால் முற்றம் நிறையக் கூட்டம் இருக்கும். நெய்கிறவர்கள், பிணைக்கிற பெண்கள், எல்லோரும் வருவார்கள். பரிமளா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன். சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பைத்தியமா உனக்கு? கை தேறிகினு வருது. ஒருத்தருக்கும் தெரியாது. வாயை மூடிகினு இருந்தா இன்னும் கொஞ்ச நாள்ல அவரே கூப்பிடுவாரு. நீயே போய் சொன்னியானா, சாவுற வரைக்கும் கை மரத்தவளுன்னு பேரு வச்சிடுவானுங்க!"

"அவரு பட்டு மேல பழி போட்டேன்க்கா. நாலு பேரு முன்னால போட்டேன்."

அவள் நடக்க, நானும் பின்னாலேயே புலம்பிக்கொண்டு போனேன். முற்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. அம்மணியும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். பரிமளா நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, உங்க பட்டு நல்ல பட்டுதான். என் விரல்தான் மரத்துப் போச்சு. உள்ளதைச் சொல்ல பயந்துகினு உங்க பட்டைக் குத்தம் சொன்னேன். என் உடம்புல சத்து இல்ல, ஊசி போட்டுகினு வரேன். இப்போ முக்கால்வாசி வந்துடுச்சு. முழுசா வந்தப்புறம் கேக்கறேன், பாவு குடுங்க. அது வரைக்கும் வேணாம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் என்ன சொல்வாரோ என்று எல்லோரும் காத்திருந்தபோது, அம்மணி எழுந்து வந்தாள். பரிமளாவுக்கு வரவேண்டிய பாவையெல்லாம் வாங்கிப் பிணைத்த அதே அம்மணி. முந்தானைக்குள் மறைத்திருந்த வலது கையை வெளியே எடுத்து, விரலை விரித்து, பரிமளா முன்னால் நீட்டினாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குமே, அதுவா பரிமளா?" என்றாள். "உனக்கு மொதல்ல காலுல வந்துச்சா, கையில வந்துச்சா?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். முதலாளி அதையும் பார்த்தார். பிறகு அவர், "எந்த டாக்டரு?" என்று மட்டும் கேட்டார்.

பரிமளா அம்மணியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். "உனக்கு என்ன கொறையோ, டாக்டரம்மா சொல்லட்டும். நாளைக்குக் காலையில வா, நான் கூட்டிகினு போறேன்" என்றாள்.

சேவூரில் பாவு பிணைக்கிற பெண்கள் எத்தனையோ பேர் தங்கள் கையைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய் திறந்து பேசினார்கள். திரும்பி வரும்போது தெருவில் எதிரே வந்த எல்லோரிடமும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், இவள் என் ஓரகத்தி என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.