தட்டு வைத்து அழைக்க வேண்டிய பார்ட்னர்

தங்கப்பாண்டி கேட்டுப் பிழைப்பவர். தல்லாகுளத்தில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனத்தில், நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது அவர் வேலை. சேர்ந்தபோது தலை கறுப்பாக இருந்தது. அவர் எழுதிக் கேட்டதில் உசிலம்பட்டிப் பக்கம் கிணறுகள் தூர்வாரப்பட்டிருக்கின்றன, பள்ளிக்கூடங்களுக்குக் கழிப்பறை வந்திருக்கிறது, ஒரு கண்மாய்க்குக் கரை உயர்ந்திருக்கிறது. அந்தக் கண்மாய் வைகாசி விண்ணப்பத்தில் வறண்டு வெடித்துக் கிடந்தது, கார்த்திகை விண்ணப்பத்தில் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. இரண்டும் ஒரே ஆண்டு, இரண்டும் உண்மை. இரண்டையும் படித்த அதிகாரி ஒருவர் சந்தேகப்பட்டு நேரில் வந்து பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் தங்கப்பாண்டிக்கு வாயால் கேட்க வராது. கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்க மாட்டார். பந்தியில் இலைக்கு உப்பு வைக்க மறந்துவிட்டால், உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்து, சாப்பாடு அருமை என்றும் சொல்லிவிட்டு வருவார். திருநகர் வீட்டில் அவர் மனைவி மீனா விருந்தாளிகளிடம் சொல்வது இது: "ஊருக்கெல்லாம் கேக்குற மனுசன், ஒரு கிளாஸ் தண்ணி கேக்க மாட்டாரு. மூஞ்சியப் பாத்துத்தான் தாகம்னு கண்டுபிடிக்கணும்."

இதற்குக் காரணம் அவருடைய அக்கா ஒச்சம்மாள் என்று சொன்னால் அநியாயம் போலத் தோன்றும். செல்லம்பட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் பிறந்த ஊரில், தம்பிக்கு வேண்டியதையெல்லாம் அக்காதான் கேட்டாள். வாத்தியாரிடம் சிலேட்டுக்குச்சி, கடைக்காரரிடம் கொசுறு, அம்மாவிடம் இன்னொரு கரண்டிச் சோறு. தம்பி வாயைத் திறக்கும் முன்பே எல்லாம் வந்துவிட்டதால், வாய்க்கு அந்தப் பழக்கமே ஏற்படவில்லை. பிறகு ஒச்சம்மாளைச் சோணைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சோணை கேரளத்து மலையில், வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணி. அக்கா மலையேறிப் போய்விட்டார். தம்பி கீழே நின்று விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்டார்.

இந்த ஆண்டு மாசியில், பெங்களூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளையிடமிருந்து அறிவிப்பு வந்தது. மாநில எல்லையின் இரண்டு பக்கத்து மக்களும் சேர்ந்து செய்யும் வளர்ச்சிப் பணிகளுக்கு நிதி. ஒரு பக்கம் மட்டும் கேட்டால் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பார்ட்னர் அமைப்பு வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பங்குனி முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.

நிறுவனத்தின் தலைவி நாகஜோதிக்கு இது தங்களுக்காகவே எழுதிய அறிவிப்பு போலப் பட்டது. உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பெண்கள் ஏலக்காய் பறிப்புக்கு மலையேறினால் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். கைக்குழந்தை கூடப் போகிறது. நடக்கத் தெரிந்த பிள்ளை ஊரில் யார் வீட்டிலாவது நிற்கிறது. மலையில் ஒரு பிள்ளைகள் காப்பகம், சமவெளியில் ஒரு காப்பகம், எங்கே தடுப்பூசி போட்டாலும் இரண்டு இடத்திலும் தெரிவதற்கு ஒரே பதிவு. திட்டம் இவ்வளவுதான். மலையில் யார் பார்ட்னர் என்று நாகஜோதி நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் ஒரே மகளிர் குழுவைச் சொன்னார்கள். கணக்குச் சுத்தம், வாய் நீளம், நல்ல தலைவி. தலைவியின் பெயர் ஒச்சம்மாள் சோணை.

தங்கப்பாண்டி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, நல்ல குழுதான் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது இது. அவர் மகள் தமிழ்வாணியின் கல்யாணம் ஊரடங்கு ஆண்டு வைகாசியில் நடந்தது. அவர்கள் வழக்கப்படி, குலசாமிக்கு வைத்தபிறகு முதல் பத்திரிகை கூடப்பிறந்தவளுக்கு. அதுவும் வெற்றிலை, பாக்கு, பழம், பூவோடு தட்டில் வைத்து, புருசன் பெண்டாட்டி இருவரையும் நிற்கவைத்து, நேரில். எல்லையோ மூடிக் கிடந்தது. தங்கப்பாண்டி இ-பாஸுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்திலேயே வாழ்கிறவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுபடி விண்ணப்பித்தார், மறுபடி நிராகரிக்கப்பட்டது. கல்யாணம் நெருங்கிவிட, பத்திரிகையைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். கீழே பத்திரிகையில் இருந்தபடியே தட்டினார்: "தாங்கள் சுற்றம் சூழ வருகை தந்து வாழ்த்தியருள வேண்டுகிறோம்."

ஒரு போன் போட்டு, அக்கா இப்படி ஆகிப்போச்சு, மன்னிச்சுக்க என்று கேட்டிருந்தால் ஒச்சம்மாள் அழுது, திட்டி, தீர்த்திருப்பார். கேட்க வரவில்லை. எல்லை மூடியிருக்கும்போது சுற்றம் சூழ வா என்று எழுதினால், வரக்கூடாது என்றுதானே அர்த்தம் என்று மலையில் எடுத்துக்கொண்டார்கள். எல்லையைத் திறந்தார்கள், முகக்கவசம் போனது, தமிழ்வாணிக்கு மகன் பிறந்து பள்ளிக்கூடமும் போகிறான். அக்காவும் தம்பியும் மட்டும் பேசிக்கொள்ளவில்லை. தம்பிக்குக் கோபமே கிடையாது என்பதுதான் இதில் விசேஷம்.

பார்ட்னராகச் சேர அழைத்து அவர் எழுதிய கடிதம் அவருடைய நல்ல கடிதங்களில் ஒன்று. நாகஜோதியின் கையெழுத்தோடு குழுவின் போனுக்குப் போனது. மறுநாள் நாகஜோதியின் போனில் குரல்பதிவாகப் பதில் வந்தது. அலுவலகத்துக்கே கேட்கும்படி அதைப் போட்டார்.

"மேடம், லெட்டரு நல்லாருக்கு. எழுதுனவரு யாரோ பெரிய படிப்பாளி போல. காப்பகமும் எங்களுக்கு வேணும். ஆனா எங்க குழுவுல ஒரு வழக்கம் மேடம். யாரு எதுக்குக் கூப்புட்டாலும் நேர்ல வந்து தட்டு வச்சுக் கூப்புடணும். போன்ல வந்த அழைப்புக்கு நாங்க போறதில்ல. ஒரு தடவ வந்துச்சு. போகல."

அப்படியொரு குழு வழக்கத்தை நாகஜோதி கேள்விப்பட்டதில்லை. திரும்பிப் பார்த்தபோது தங்கப்பாண்டியின் காது சிவந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விசயத்தை வாங்கினார். வாங்கிவிட்டு, கோபப்படுவதா சிரிப்பதா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அண்ணே, நான் வேற குழுவத் தேடலாம். தேடவா?" என்றார்.

தேடு என்று சொல்லியிருந்தால் அக்கா என்ற கதை அன்றோடு முடிந்துபோயிருக்கும். அது தங்கப்பாண்டிக்கும் தெரிந்தது. "வேணாம்மா, போறேன்" என்றார்.

வீட்டில் மீனா பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் துலக்கினார். பழம், தேங்காய், மஞ்சள், குங்குமம், ஒரு சேலை. வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றினார். பிறகு பீரோவின் அடித்தட்டிலிருந்து தமிழ்வாணியின் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து வந்தார். ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சொன்ன கல்யாணத்துக்கு அவர்கள் ஐந்நூறு அடித்திருந்தார்கள், பத்திரிகைக்குப் பஞ்சமில்லை.

தங்கப்பாண்டி, கல்யாணம் முடிந்து அஞ்சு வருசமாச்சே என்றார்.

"அதுக்கென்ன? அவுகளுக்கு இன்னும் வைக்கலைல" என்றார் மீனா, மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டே.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, கம்பத்தில் இறங்கி, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் மலையேறினார். செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் பையைப் பார்த்துவிட்டு, கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்றார் தங்கப்பாண்டி. அவர் வாழ்க்கையில் எல்லை தாண்டுவது இவ்வளவு சுலபமாக இருந்ததில்லை.

சோணை வாசலில் பறிப்புக்கூடை முடைச்சலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வா மாப்ள. பாசு கெடைச்சுருச்சா?" என்றார். அஞ்சு வருசமாக வைத்திருந்த கேள்வி; கேட்டதும் அவருக்கே பாரம் இறங்கிவிட்டது போலிருந்தது. எழுந்து பையை வாங்கிக்கொண்டார்.

ஒச்சம்மாள் உள்ளேயிருந்து வந்தார். முடி நரைத்திருந்தது. "வாங்க சார், ஒக்காருங்க. மதுரை ஆபீசா?" என்றார்.

தங்கப்பாண்டி உட்காரவில்லை. தட்டை எடுத்து எல்லாவற்றையும் அடுக்கினார். அவசரத்தில் தேங்காய் ஒருமுறை உருண்டது. சோணை பிடித்துக் கொடுத்தார். அக்காவும் மச்சானும் சேர்ந்து நின்றார்கள். தட்டை நீட்டினார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. ஒச்சம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். பத்திரிகையைப் பிரித்து, பெயர்களையெல்லாம் எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தார். தமிழ்வாணி பெயரில் கொஞ்சம் நின்றார். தேதியைப் படித்துவிட்டுப் புருசனிடம் திரும்பினார்.

"நல்ல நாளாத்தான் பாத்துருக்காக. அன்னிக்கு நமக்கு வேற சோலி இருக்கா?"

"ஒரு சோலியும் இல்ல. சும்மாதான் இருந்தோம்" என்றார் சோணை.

"அப்பப் போயிருவோம்" என்று தட்டைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

சாப்பிடச் சொன்னார்கள். கருவாட்டுக் குழம்பு. ஒச்சம்மாள் ஒரு கரண்டிச் சோறு வைத்து, குழம்பு ஊற்றி, எதிரே உட்கார்ந்தார். காலையிலிருந்து பட்டினி கிடந்த மனிதருக்கு அது மூன்று வாய். தட்டு காலியானது. சட்டி அக்காவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தங்கப்பாண்டியின் வாழ்நாளில் அந்தக் கை இத்தனை நேரம் சும்மா இருந்ததில்லை. போடவா என்று ஒச்சம்மாள் கேட்கவில்லை; தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோணை ஏதோ சொல்ல வாயெடுத்து, பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். தங்கப்பாண்டி விரல்களைப் பார்த்தார். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துத் தின்றார். தட்டில் வேறொன்றும் இல்லை.

"அக்கா" என்றார். "இன்னுங் கொஞ்சம் சோறு போடு."

"கொழம்பு?"

"கொழம்பும்."

ஒச்சம்மாள் போட்டார். இரண்டு ஆளுக்கு ஆகும் அளவு போட்டார். குழம்பை ஊற்றியபோது அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்ததால் பாதி தட்டுக்கு வெளியே போனது. "இம்புட்டுச் சோத்தக் கேக்க அஞ்சு வருசமாடா ஒனக்கு?" என்றார் சுவரிடம்.

தைரியம் வந்துவிட்டதால், கைகழுவும் முன்பே கையெழுத்தையும் கேட்டார். அதை என்னிடம் கேட்டால் ஆகாது என்றார் ஒச்சம்மாள். காலையில் குழு கூடும். அங்கே எழுந்து நின்று கேட்கட்டும். "நீ கேளு. ஒனக்காக நான் கேக்க மாட்டேன்."

கேட்டார். நன்றாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது. கடிதத்தில் ஆறு வரியில் சொன்னதை, ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் கூடியிருந்த பெண்களிடம் திக்கித் திக்கிச் சொன்னார். நடுவில் காப்பகம் என்ற சொல்லையே மறந்துபோனார். பெண்கள் எடுத்துக் கொடுத்தார்கள். ஒச்சம்மாள் மட்டும் உதடுகளை இறுக்கிக்கொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்தபடி இருந்தார். சின்ன வயதில் வாத்தியார் முன்னால் தம்பி நின்றபோது சும்மா இருக்க முடியாத அக்கா, இப்போது சும்மா இருப்பதற்குப் பட்ட பாட்டைச் சோணை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழு ஒத்துக்கொண்டது. கடைசிக் கையெழுத்து தலைவியுடையது.

தல்லாகுளம் திரும்பி, விண்ணப்பத்தை முடிக்கும் நேரத்தில் நாகஜோதி ஒரு கட்டத்தைக் காட்டினார். இரு அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு இடையே உறவுமுறை உண்டா என்று அதில் கேட்டிருந்தார்கள். உண்டு என்று எழுதினால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடவும் இடமுண்டு. போன மாதம் வரை இல்லை என்று எழுதியிருந்தால்கூட யாரும் பொய் என்று சொல்லியிருக்க முடியாது. இப்போது, திட்டத்துக்குக் கையெழுத்து வந்த அதே வழியில் திட்டத்துக்கு ஆபத்தும் வந்திருந்தது. தங்கப்பாண்டி யோசிக்கவேயில்லை. "உண்டு. உடன்பிறந்த அக்கா" என்று எழுதினார். விளக்கம் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டார். பக்கம் பக்கமாக எழுதக்கூடியவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

சித்திரையில் ஒச்சம்மாளும் சோணையும் சேலை, வேட்டி, பழத்தட்டோடு திருநகர் வந்து, தமிழ்வாணிக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாணத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுப் போனார்கள். தமிழ்வாணியின் மகன், தன் அம்மாவுக்கு அன்றுதான் கல்யாணம் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

ஆனியில் பதில் வந்தது. உறவுமுறையைக் குறித்துக்கொண்டோம், தடையில்லை என்றது. ஆனால் முதல் ஆண்டில் ஒரு காப்பகத்துக்குத்தான் நிதி, மலையில் தொடங்கலாம். சமவெளிக் காப்பகத்துக்காக நல்லதாக ஒரு கடிதம் எழுதுங்கள் அண்ணே என்று நாகஜோதி சொல்லி முடிப்பதற்குள், தங்கப்பாண்டி போனை எடுத்துப் பெங்களூர் எண்ணைப் போட்டுவிட்டார்.

"ஒண்ணு குடுத்திருக்கீங்க, ரொம்ப சந்தோசம் சார். இன்னொண்ணும் வேணும்" என்றார்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. தங்கப்பாண்டி காதில் போனோடு காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் பழகியதுதான். கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் புதிது.