முதல் ரகப் பச்சை

போடியிலிருந்து மலையேறிய ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏலக்காய்த் தரகர். ஒல்லி உடம்பு, வெயிலிலும் காதை மூடிய மஃப்ளர். எதைக் கொடுத்தாலும் ஏலக்காய்போல உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். நான் நீட்டிய வேர்க்கடலையைக்கூட உருட்டிப் பார்த்துத்தான் வாயில் போட்டார்.

முதல் வளைவிலேயே, பின்னால் கிடந்த மூட்டைகளின் தூசியில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. "அலர்ஜி ஆஸ்துமா," என்றார், பரம்பரைச் சொத்தைச் சொல்வதுபோல. பிறகு சட்டைப் பையிலிருந்து பச்சை நிற வைட்டமின் மாத்திரை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உருட்டினார்.

"கலரப் பாருங்கண்ணே. நெஞ்சு துருப்பிடிக்காம காக்கும். வெளுத்த மாத்திரைன்னா நான் தொடவே மாட்டேன்."

"டாக்டர் கொடுத்தாரா?"

"இதுக்கெல்லாம் இழுப்பு கேக்காதுங்கிறாரு. அவருக்குச் சரக்குப் பாக்கத் தெரியாதுல்ல."

விழுங்கினார். இழுப்பு நிற்கவில்லை. இப்போது அவர் முகம்தான் வெளுத்தது. டிரைவர் பதறி வண்டியை ஓரங்கட்டினார். நான் அவசரமாக என் பையைத் துழாவினேன். அவரோ நிதானமாக மடியிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

"பாத்தீங்களா, மாத்திரை வேலை செய்யுது."

"அப்ப அந்த இன்ஹேலர் எதுக்கு?"

"இதா? மாத்திரை வெரசா உள்ள எறங்கணும்ல, அதுக்கு."

என் பையிலும் ஒரு இன்ஹேலர் உண்டு. அன்றிலிருந்து அதை வாயில் வைக்கும்போதெல்லாம், முன்னால் எதையோ விழுங்க மறந்துவிட்டதுபோல எனக்கு ஒரு சந்தேகம்.