தொட்டால் பரவும் என்றார்கள்

முதல் புண் கீழுதட்டின் உள்பக்கம் வந்தது. சோற்றுப் பருக்கை அளவு, நடுவில் வெள்ளை, ஓரம் சிவப்பு. உடம்புச் சூடு என்று விட்டுவிட்டேன். எழுபதுகளின் பின்பாதி அது. இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தேன். மகள் செல்விக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது.

ஒன்று ஆறுவதற்குள் இரண்டு வரும். நாக்கு, ஈறு, கன்னத்தின் உள்புறம். மிளகாயை விடுங்கள், உப்பே எரிந்தது. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மணத்தக்காளிக் கீரையைக் கண்டாலே ஆத்திரம் வருமளவுக்குத் தின்றேன். கம்பவுண்டர் ஊதா மருந்தைத் தடவிவிட்டார். நாவற்பழம் திருடித் தின்றவள் மாதிரி வேலைக்குப் போனேன். புண் அசையவில்லை.

எஸ்டேட்டுக்கு வந்துபோகும் டாக்டர் தள்ளி நின்றே வாயைத் திறக்கச் சொன்னார்.

"இது வைரஸாணு, கேட்டோ. பகரும். குட்டிய பக்கத்துல கிடத்தண்டா."

வைரஸ்தான், பரவும், பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைக்காதே என்று மலையாளம் கலந்து சொன்னார். அன்றே என் தட்டும் டம்ளரும் தனியாயின. செல்வி அடுத்த வாசலில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுதால் எனக்குக் கேட்கும்.

"பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா யாரு பாக்குறது மைனி? ஆறுனதும் தூக்கிக்க" என்றாள் நாத்தனார். அவள் மேல் தப்பில்லை. ஆனால் ஆறித் தொலைய வேண்டுமே!

மழை முடிந்து பனி வந்தும் ஆறவில்லை. கணவர் ஜீப் பிடித்து, கம்பம்மெட்டு வழியாகக் கம்பத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டரம்மா வாயைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், பிறகு காலைக் காட்டச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது.

"புண்ணு வாய்லதாம்மா இருக்கு."

"வெறுங்காலோடதான் வேலைக்குப் போவியா?"

"சறுக்குல செருப்பு நிக்காதும்மா."

மலப் பரிசோதனையில் தெரிந்தது கொக்கிப்புழு (ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாக ஏறி, குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் புழு). அதனால் ரத்தசோகை, அதனால் வாய்ப்புண். வைரஸ் புண் பெரும்பாலும் காய்ச்சலும் கொப்புளமுமாக வந்து சீக்கிரம் போய்விடும், இது யாருக்கும் ஒட்டாது என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஊரில் யார் நம்பினார்கள்? "புண்ணு கண்ணுக்குத் தெரியுதுல்ல, ஆறட்டும்" என்றார் கணவரே.

புழு மருந்தும் இரும்புச் சத்து மாத்திரையும் ஒழுங்காகத்தான் தின்றேன். புழு போயிற்று, புண் போகவில்லை. மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாயா என்று டாக்டரம்மா திட்டினார். அதற்கடுத்த முறைதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எதோட முழுங்குற?"

"பாலு ஊத்தாத கட்டன் சாயாவுலதான். சோத்துக்கும் அதான். அந்தக் குளிர்ல பச்சத்தண்ணிய யாரு குடிப்பா?"

தலையில் கைவைத்துக்கொண்டார். தேயிலைச் சாறு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்றார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே!"

இதைப் படிக்கும் உங்களுக்கும் புண் திரும்பத் திரும்ப வந்தால், பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். ஏன் வந்தது என்று கேளுங்கள். என்ன தின்கிறீர்கள், எதைக் குடிக்கிறீர்கள் என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மாத்திரையை வெந்நீரில் விழுங்கினேன். சாயாவைச் சாப்பாட்டிலிருந்து தள்ளிவைத்தேன். மெல்ல மெல்ல வாய் ஆறியது. நேரே நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் செல்வியைத் தூக்கி முத்தமிட்டேன்.

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினாள்: "அத்தே, அம்மா என்னியத் தொட்டுருச்சு!"

வாய்க்குள் புதுத்தோல் வளர அதிக நாள் பிடிக்கவில்லை. அவள் தானாக என் மடிக்கு வர அடுத்த மழைக்காலம் ஆனது. இப்போது அவள் தன் புருஷன் வீட்டிலிருந்து வந்தால் தானே குனிந்து கன்னத்தைக் காட்டுகிறாள். முத்தமிடும் முன் என் நாக்கு வாய்க்குள் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.