திரும்பிப் படுத்த குட்டிகள்

பதுருன்னிசா சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் ரேடியோகிராஃபர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அதிகம் சொன்ன வாக்கியம், “டாக்டர் சொல்வாங்க.” மனிதர்களின் உடம்புக்குள் இருப்பதை முதலில் பார்ப்பவர் அவர்தான், பார்த்ததைச் சொல்லும் உரிமை மட்டும் அவருக்கில்லை. கட்டியைக் கண்டாலும் முகத்தில் எதையும் காட்டாமல், “எழுந்து சட்டைய போட்டுக்கங்க” என்பார். புக்கிட் பாத்தோக் வீட்டிலும் அப்படித்தான். கோபமா, சந்தோஷமா என்று கணவர் சாகுல் ஹமீதுக்கே சில சமயம் பிடிபடாது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மதியம், மூடியிருந்த நிலையத்துக்கு அவரை வரச் சொன்னார்கள். ஒரு மீனை ஸ்கேன் செய்ய வேண்டுமாம். சேவியர் என்ற மீன் ஆய்வாளர் முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தார்.

“ஃப்ரில்டு ஷார்க். ரொம்ப ஆழத்துல இருக்கும்கா, லேசுல சிக்காது. ஃப்ரீஸர்ல வச்சு ரெண்டு வருஷமாச்சு. வயித்துல குட்டி இருக்குன்னு நினைக்கிறோம், வெட்டறதுக்கு முன்னாடி பாத்துரணும்.”

பெட்டியிலிருந்து வந்ததைச் சுறா என்று சொன்னால் நம்ப முடியாது. ஆள் நீளத்துக்கு விலாங்கு போன்ற உடம்பு. சுருக்கு வைத்துத் தைத்த துணிபோலக் கழுத்தைச் சுற்றிச் செவுள்கள். திறந்த வாய்க்குள் வரிசை வரிசையாக, மும்முனை வைத்த வெள்ளைப் பற்கள்.

“குட்டிய மூணு வருஷத்துக்கு மேல சுமக்கும்னு சொல்றாங்க,” என்றார் சேவியர்.

“மூணு வருஷமா? பாவம் லா.”

நோயாளிகள் படுக்கும் மேசையில் பதுருன்னிசா அதைக் கிடத்தி வார்களை மாட்டினார். திரையில் ஐந்து குட்டிகள் தெரிந்தன. எல்லாம் தாயின் வால் பக்கம் தலைவைத்துச் சுருண்டு கிடந்தன. சேவியருக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான், தாயின் வால் நுனி படத்தில் விழவில்லை என்பதைக் கவனித்தார்.

“இன்னொரு தடவை எடுத்துரலாமாக்கா?”

பதுருன்னிசா கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஸ்கேன் அறைக்குள் போனார். வெளியே தேக்கா கடைத்தெருவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. ஈயம் வைத்த கதவைத் தாண்டி ஒரு சத்தமும் வராது. வார்களைத் தளர்த்தி மீனைச் சற்று நகர்த்தினார். கை வைத்த இடமெல்லாம் கல்லாக உறைந்திருந்தது. இமையில்லாத கண் பச்சையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் படம் திரையில் வந்தது.

“தலை திரும்பிடுச்சு,” என்றார் பதுருன்னிசா. மாசமான பெண்களைப் பற்றிச் சொல்லும் வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது.

ஐந்து குட்டிகளும் தாயின் தலைப் பக்கம் பார்த்துக் கிடந்தன.

படம் தலைகீழாகப் பதிந்திருக்கும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அப்படியென்றால் தாயும் திரும்பியிருக்க வேண்டும். தாய் அதே பக்கம்தான் தலைவைத்திருந்தது.

“ஐஸ் உருகியிருக்கும்கா,” என்றார் சேவியர். குரலில் தெம்பில்லை.

“இப்பதான் தொட்டுட்டு வரேன் தம்பி. கல்லு மாதிரி இருக்கு.”

இருவரும் கண்ணாடி வழியாக மீனைப் பார்த்தார்கள். அதன் தலை இருந்தது கண்ணாடிப் பக்கம். அதாவது, அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்த பக்கம். பதுருன்னிசா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வேலையில் பார்த்ததை அவர் வீட்டில் சொன்னது அன்றுதான்.

“செத்த மீனா?” என்று கேட்டார் சாகுல் ஹமீது.

“ரெண்டு வருஷமா ஐஸ்ல கிடந்ததுங்க.”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “வேற யார்ட்டயும் சொல்லாத,” என்றார்.

மீனை அறுத்த அன்று பதுருன்னிசா தாமாகக் கேட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஸ்கேன் எடுத்த ஒருவரை அதற்குப் பிறகு தேடிப்போய்ப் பார்த்தது அதுவரை இல்லை. இரண்டாம் படத்தில் இருந்தபடியே குட்டிகள் கிடந்தன. முன்னால் கிடந்த குட்டியின் பற்கள் கருப்பைச் சுவரைக் கவ்வியிருந்தன. சேவியர் இடுக்கியால் ஒவ்வொரு பல்லாக விடுவித்தார். பல் பதிந்திருந்த இடத்தில் இருந்தது இரண்டு வருஷத்துப் பழைய காயம் இல்லை, சதை புதிதாகக் கிழிந்திருந்தது.

உறைவு இளகும்போது குட்டிகள் இடம் மாறியதாக அறிக்கையில் எழுதினார். “வேற என்னத்தக்கா எழுதுறது?” என்றார்.

பதுருன்னிசா இன்னும் அதே நிலையத்தில்தான் இருக்கிறார். நோயாளி அசைந்து படம் கலங்கிவிட்டால் மட்டும், திரும்ப எடுக்கச் சக ஊழியரைக் கூப்பிடுகிறார். முதுகு வலி என்று காரணம் சொல்கிறார், அவர்களும் நம்புகிறார்கள்.

போன மாதம் சேவியர் அழைத்தார். இன்னொரு மீன் வந்திருக்கிறதாம், இதுவும் ஆழ்கடல் சுறாதான்.

“கொண்டு வாங்க தம்பி,” என்றார் பதுருன்னிசா. “ஆனா ஒரு தடவைதான் எடுப்பேன். வால் விழலன்னாலும் சரி.”